எக்ஸ்காம்: கடைசி வீரரின் கடைசி நகர்வு

எக்ஸ்காம் என்ற கணினி விளையாட்டில் ஒரு வீரர் எப்போது சாவார் என்று கேட்டால், எதிரி நேருக்கு நேர் நின்று சுடும்போது என்றுதான் புதிதாக ஆடுபவர்கள் சொல்வார்கள். கொஞ்ச காலம் ஆடியவர்களின் பதில் வேறு. குழுவில் மூன்று பேர் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். நாலாவது ஆள் மட்டும் பாக்கி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஏலியன் எதுவும் இல்லை. சரி, இவரையும் நாலு அடி முன்னால் அனுப்பிவைப்போம் என்று நகர்த்துகிறோம். மூலை திரும்பியதும் அங்கே மூன்று ஏலியன்கள். பார்த்த கணத்திலேயே அவை சிதறி ஓடிப் பதுங்கிக்கொள்கின்றன. நம் பக்கத்தில் நகர்த்த இனி ஆள் இல்லை. அடுத்தது அவற்றின் முறை. அந்த நாலு அடியில்தான் ஆள் போகிறது.

இந்த விளையாட்டின் குழுத் தந்திரம் மொத்தத்தையும் அந்த ஒரு நகர்விலிருந்தே விளக்கிவிடலாம். யார் நன்றாகச் சுடுவார், எந்தத் துப்பாக்கி பெரியது என்பதெல்லாம் அப்புறம். யார் முதலில் நகர்கிறார், யார் கடைசியில் நகர்கிறார், இன்னும் பார்க்காமல் இருட்டாக இருக்கும் இடத்தை எப்போது திறக்கிறோம், சுட்டது தவறிவிட்டால் கையில் என்ன மிச்சம் இருக்கும் என்ற கணக்கில்தான் உயிர் இருக்கிறது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1994-ல் ஜூலியன் கொலாப், அவருடைய தம்பி நிக் கொலாப் இருவரும் உருவாக்கிய விளையாட்டு இது, மைக்ரோபுரோஸ் வெளியிட்டது. ஐரோப்பாவில் யுஎஃப்ஓ: எனிமி அன்நோன், அமெரிக்காவில் எக்ஸ்-காம்: யுஎஃப்ஓ டிஃபென்ஸ் என்று பெயர். பூமிக்கு வந்து இறங்கும் வேற்றுக் கிரகவாசிகளை எதிர்க்கும் ஒரு பன்னாட்டுப் படைக்கு நாம்தான் தளபதி. ஆய்வு, ஆயுதத் தயாரிப்பு, பண வரவுசெலவு ஒரு பக்கம். ஆட்களை இறக்கி முறை வைத்துச் சண்டையிடுவது இன்னொரு பக்கம். ஒவ்வொரு வீரருக்கும் நேர அலகுகள் என்று ஒரு கையிருப்பு உண்டு. நடக்க, திரும்ப, குனிய, சுட எல்லாவற்றுக்கும் அதிலிருந்து செலவாகும். ஸ்கைரேஞ்சர் விமானத்தில் 14 பேர் வரை ஏற்றிக்கொண்டு போகலாம். அதில் பாதிப் பேர் விமானத்தின் சரிவுப் பாதையில் கால் வைத்ததுமே செத்துவிழுவதும் உண்டு.

2012-ல் ஃபிராக்ஸிஸ் நிறுவனம், ஜேக் சாலமனின் தலைமை வடிவமைப்பில், இதைப் புதிதாகச் செய்து எக்ஸ்காம்: எனிமி அன்நோன் என்று வெளியிட்டது. நேர அலகுகள் போய்விட்டன. ஒரு டர்னில், அதாவது ஒரு முறையில், ஆளுக்கு இரண்டு வேலை மட்டும்: ஒருமுறை நகர்ந்து ஒருமுறை சுடலாம், அல்லது இரண்டையும் ஓட்டத்துக்கே செலவழிக்கலாம். சுட்டுவிட்டால் பெரும்பாலும் அந்த ஆளின் டர்ன் முடிந்தது. குழுவும் சிறுத்தது. ஆரம்பத்தில் 4 பேர்; அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி கட்டி, அதில் மேம்பாடு வாங்கினால் 6 பேர் வரை. 14 பேர் இருந்தபோது ஒருவர் போனால் குழுவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 4 பேரில் ஒருவர் போனால் காலே போன மாதிரி. ஒவ்வொரு நகர்வும் கனத்ததற்கு இந்த மாற்றம் முக்கியமான காரணம்.

இப்போது அந்த மூன்று ஏலியன்களுக்கு வருவோம். 2012 விளையாட்டில் ஏலியன்கள் வரைபடம் முழுக்கத் தனித்தனியாக அலைவதில்லை. இரண்டு மூன்றாகச் சேர்ந்து கும்பலாக இருக்கும். நம் கண்ணில் படும்வரை அவை சண்டைக்கே வராது. கண்ணில் பட்டதும் விழித்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் நம் டர்னாகவே இருந்தாலும், ஓடிப்போய் ஏதாவது ஒன்றின் மறைவில் ஒதுங்க, அதாவது கவர் எடுத்துக்கொள்ள, அவற்றுக்கு ஓர் இலவச நகர்வு கிடைக்கும். அந்த நகர்வில் சுடாது. ஆனால் அடுத்து அதன் முறை வரும்போது முழு பலத்தோடு இருக்கும்.

ஆக, ஒரு கும்பலை எழுப்புவது தவிர்க்க முடியாதது. எப்போது எழுப்புவது என்பதை நாம் முடிவு செய்யலாம். டர்னின் முதல் ஆள் எழுப்பினால் மிச்சமுள்ள ஆட்கள் அத்தனை பேரும் சுடலாம். கடைசி ஆள் எழுப்பினால் ஒருவரும் சுட முடியாது. அதே ஏலியன், அதே இடம், அதே துப்பாக்கி. ஒன்றில் அது செத்திருக்கும், இன்னொன்றில் நம் ஆள் செத்திருப்பார். அதனால்தான் முன்னால் போய்ப் பார்க்கிற ஆள் எப்போதும் முதலில் நகர வேண்டும், மற்றவர்கள் அவர் ஏற்கெனவே பார்த்த தரையில் மட்டுமே கால் வைக்க வேண்டும். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது இது இன்னும் கட்டாயம். ஒரு கும்பலோடு மல்லுக்கட்டும் வேளையில், பக்கவாட்டில் போய்ச் சுடலாம் என்று ஆசைப்பட்டு ஒருவரை இருட்டுக்குள் அனுப்பி, இரண்டாவது கும்பலையும் எழுப்பிவிடுவதுதான் இந்த விளையாட்டில் முழுக் குழுவும் அழிகிற மிகச் சாதாரணமான வழி.

அடுத்தது கவர். சுவர், மதில், கார், பூத்தொட்டி எதன் பின்னாலும் ஒதுங்கலாம். அரைக் கவர் என்றால் எதிரியின் குறியிலிருந்து 20 புள்ளி குறையும், முழுக் கவர் என்றால் 40. புதிதாகச் சேர்ந்த ரூக்கி ஒருவரின் குறித்திறன் 65. எதிரே திறந்தவெளியில் நிற்கும் செக்டாய்டு என்ற ஏலியனை அவர் அடிக்க வாய்ப்பு 65 சதவீதம், அரைக் கவரில் இருந்தால் 45, முழுக் கவரில் இருந்தால் 25. கிட்டத்தில் போனால் கொஞ்சம் கூடும், உயரத்தில் நின்றால் 20 கூடும். பக்கவாட்டில் போய்விட்டால் எதிரியின் கவர் மதிப்பு அப்படியே பூஜ்யமாகும்; அதோடு, பட்ட குண்டு பெரிய சேதம் செய்யும் வாய்ப்பு 50 புள்ளி ஏறும். பக்கவாட்டுத் தாக்குதலுக்கு, அதாவது ஃபிளாங்குக்கு, இந்த விளையாட்டு இவ்வளவு பெரிய பரிசு வைத்திருக்கிறது. ஆனால் ஃபிளாங்க் போகிற ஆள்தான் இருட்டைத் திறக்கிற ஆளும். பரிசையும் பொறியையும் ஒரே இடத்தில் வைத்த அந்த வடிவமைப்பு எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

ஒரு டர்னைக் கிட்டத்தில் பார்க்கலாம். நம் பக்கம் நான்கு பேர்: கனரகத் துப்பாக்கி வைத்திருக்கும் ஹெவி, ஷாட்கன் வைத்திருக்கும் அசால்ட், மாடியில் தூரத்திலிருந்து குறிவைக்கும் ஸ்னைப்பர், மருந்தும் ஒரு கையெறி குண்டும் வைத்திருக்கும் சப்போர்ட். எதிரே மூன்று செக்டாய்டுகள், சாதாரணக் கடினத்தில் ஒவ்வொன்றுக்கும் உயிர்ப்புள்ளி 3. ஒன்று குட்டை மதிலுக்குப் பின்னால். ஒன்று காருக்குப் பின்னால், அதுவும் அரைக் கவர். ஒன்று கட்டட மூலையில் முழுக் கவரில்.

பழக்கம் இல்லாதவர் செய்வது இப்படி: ஸ்னைப்பரின் சதவீதம்தான் பெரிதாக இருக்கிறது என்று அவரை முதலில் சுடவிடுவார். பட்டால் சந்தோஷம். தவறினால் அடுத்து யாரை என்று தேட ஆரம்பிப்பார். அந்த வரிசை தலைகீழ்.

முதலில் தவறவே முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும். கையெறி குண்டுக்குச் சதவீதம் கிடையாது. போட்ட இடத்தில் விழும், 3 புள்ளி சேதம் செய்யும், செக்டாய்டின் உயிர் சரியாக 3. மதிலுக்குப் பின்னால் இருந்தது முடிந்தது, மதிலும் போனது. இரண்டாவது ஹெவி. அவருக்கு ஹோலோ-டார்கெட்டிங் என்று ஒரு திறன் எடுக்கலாம்: அவர் சுட்டது பட்டாலும் படாவிட்டாலும், அந்த எதிரியைச் சுடும் மற்றவர்களுக்கு 10 புள்ளி கூடும். அவர் காருக்குப் பின்னால் இருப்பதைச் சுடுகிறார். பட்டால் நல்லது. படாவிட்டாலும் வேலை வீண் இல்லை. மூன்றாவதாக ஸ்னைப்பர்: அவருடைய குறித்திறன் 75 என்று வைத்துக்கொண்டால், உயரத்துக்கு 20 கூட்டி, கவருக்கு 20 கழித்து, ஹெவி கொடுத்த 10-ஐச் சேர்த்தால் 85. முதலிலேயே சுட்டிருந்தால் 75. அதே ஆள், அதே துப்பாக்கி, வரிசை மாறியதில் மட்டும் 10 புள்ளி.

அசால்ட்டைக் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தோம். இப்போதுதான் அவருக்கு என்ன வேலை என்று தெரியும். காருக்குப் பின்னால் இருந்தது செத்திருந்தால், ரன் அண்ட் கன் திறனால் முழு ஓட்டம் ஓடி, மூலையில் இருப்பதன் பக்கவாட்டில் போய் ஷாட்கனால் சுடலாம். அந்தக் கட்டம் நாம் ஏற்கெனவே பார்த்த தரை என்ற ஒரு நிபந்தனையோடு. சாகவில்லை என்றால், மற்றவர்கள் பாதியில் விட்ட வேலையை அசால்ட் முடிக்கிறார், மூலையில் இருப்பது ஒரு டர்ன் உயிரோடு இருக்கட்டும். முழுக் கவருக்குப் பின்னால் நிற்கும் நம் ஆட்களைப் பார்த்து ஒரே ஒரு செக்டாய்டு சுடுவது தாங்கக்கூடிய ஆபத்து. எல்லா எதிரியையும் ஒரே டர்னில் கொல்ல வேண்டும் என்பதில்லை. அடுத்த முறையில் எத்தனை துப்பாக்கி நம்மை நோக்கித் திரும்பும் என்பதைக் குறைத்தால் போதும்.

கையெறி குண்டால் கொன்றால் எதிரியின் ஆயுதச் சிதறல்கள் கிடைக்காது, ஆராய்ச்சிக்கு அது தேவை. இதனால் பலர் குண்டைப் பத்திரப்படுத்தி வைத்து, கடைசியில் பையில் குண்டோடு சாகிறார்கள். முதல் ஒன்றிரண்டு மாதங்களில் அதை அள்ளி வீச வேண்டும் என்பதுதான் என் கருத்து. சிதறல் அடுத்த மிஷனிலும் கிடைக்கும். பழகிய வீரர் கிடைக்கமாட்டார். இங்கே செத்தவர் செத்தவர்தான். அவரோடு அவருடைய பதவியும் திறன்களும் போய்விடும். காயப்பட்டவரும் நாள்கணக்கில் மருத்துவப் பிரிவில் படுத்துக்கிடப்பார். அதனால் நல்ல தளபதிகள் ஒவ்வொரு மிஷனிலும் ஓர் இளையவரையாவது கூட்டிக்கொண்டு போவார்கள். முதல் அணி ஒருநாள் படுத்துவிட்டால், களத்துக்குப் போக இரண்டாவது அணி என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

சதவீதத்தைப் பற்றிய சண்டை இந்த விளையாட்டு வந்த நாளிலிருந்து நடக்கிறது. 95 சதவீதம் காட்டிய குண்டு தவறிவிட்டது, விளையாட்டு ஏமாற்றுகிறது என்பார்கள். இருபதில் ஒன்று தவறும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள், நூற்றுக்கணக்கான முறை சுடுகிற ஒரு நீண்ட ஆட்டத்தில் அது பலமுறை நடந்தே தீரும். மூன்று பேருக்கும் தலா 85 சதவீதம் என்றால் மூவருமே அடிக்கும் வாய்ப்பு 61 சதவீதம்தான். மூன்றும் பட வேண்டும் என்று நம்பிப் போட்ட திட்டம் ஐந்து முறையில் இரண்டு முறை உடையும். இன்னொரு பக்கம், தலா 45 சதவீதம் உள்ள மூன்று பேரில் ஒருவராவது அடிக்கும் வாய்ப்பு 83 சதவீதம். ஒன்று பட்டால் போதும் என்று போட்ட திட்டம் நிற்கும். எண் சின்னதா பெரிதா என்பதைவிட அந்த எண்ணிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பது முக்கியம்.

ஏமாற்று என்று சொல்வதற்கு ஒரு சின்ன உண்மை இருக்கிறது, ஆனால் திசை வேறு. எக்ஸ்காம் 2-ல், எளிதான கடினநிலைகளில், விளையாட்டு ரகசியமாக நமக்குச் சாதகமாகச் சாய்கிறது. அடுத்தடுத்துத் தவறினால் அடுத்த குண்டுக்குத் திரையில் காட்டுவதைவிட நல்ல வாய்ப்பைக் கொடுக்கிறது. 85 என்று பார்த்ததும் மனித மனம் அதைக் கிட்டத்தட்ட உறுதி என்று எடுத்துக்கொள்கிறது. அந்த எதிர்பார்ப்புக்கு ஈடுகொடுக்கவே இப்படிச் செய்ததாக ஜேக் சாலமன் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். கடினநிலையை ஏற்றிப் பழகுகிறவர்கள் திடீரென்று தங்களுக்கு அதிர்ஷ்டமே இல்லை என்று உணர்வது இதனால்தான்.

இவ்வளவும் தெரிந்துவிட்டால் ஆட்டக்காரர் என்ன செய்வார்? பயந்து பயந்து ஆடுவார். அதுதான் நடந்தது. ஓவர்வாட்ச் என்று ஒரு கட்டளை இருக்கிறது: இந்த டர்னில் சுடாமல் காத்திருந்து, எதிரி அதன் முறையில் நகர்ந்தால் அப்போது சுடுவது. அந்தக் குண்டின் குறி வழக்கமானதில் 70 சதவீதமாகக் குறையும், இருந்தாலும் குழுவே காத்திருந்தால் நாலைந்து துப்பாக்கி வெடிக்கும். நிஜப் படைகளில் இது பழைய பாடம். அமெரிக்கத் தரைப்படையின் ஒரு காலாட்படைக் குழுவில் 9 பேர்: ஒரு தலைவர், அவருக்குக் கீழே நாலு பேர் கொண்ட இரண்டு அணிகள். ஓர் அணி நகரும்போது இன்னோர் அணி துப்பாக்கியைத் தயாராக வைத்துக் காவல் இருக்கும், பிறகு மாறிக்கொள்ளும். விளையாட்டில் ஆட்கள் அதை அதன் எல்லைக்கே கொண்டுபோனார்கள். எல்லோரும் இரண்டு கட்டம் நகர்வது, எல்லோரும் ஓவர்வாட்ச் போடுவது, டர்னை முடிப்பது. மறுபடி இரண்டு கட்டம். ஒரு மிஷன் முழுக்க இப்படியே ஊர்ந்து போகலாம். பாதுகாப்பானது, அதே சமயம் சலிப்பானது. பாதுகாப்பான வழி சலிப்பாக இருந்தால், ஆட்டக்காரர் சலித்துக்கொண்டே அந்த வழியில்தான் போவார். வடிவமைப்பாளர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி இல்லை.

முதல் மருந்து 2013-ல் வந்த எனிமி விதின் விரிவாக்கத்தில். மெல்ட் என்ற பொருள் நிரம்பிய கலன்கள் களத்தில் கிடக்கும். சில டர்ன்களுக்குள் போய் எடுக்காவிட்டால் தானே அழிந்துவிடும். மெல்ட் இருந்தால்தான் வீரர்களின் உடலை மரபணு மாற்றத்தால் வலுவாக்கலாம், இயந்திர உடல் கொண்ட மெக் வீரர்களை உருவாக்கலாம். ஊர்ந்து போகிறவர் தோற்கமாட்டார், ஆனால் ஏழையாக இருப்பார். எனக்கு இந்தத் தீர்வு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு டர்னிலும் போகலாமா வேண்டாமா என்ற கேள்வியை நம்மிடமே விட்டது.

2016-ல் எக்ஸ்காம் 2 கடுமையான மருந்தைக் கொடுத்தது. பல மிஷன்களில் நேரடியாகவே கெடு: 8 டர்னுக்குள் கணினியை உடைத்துத் தகவல் எடு, இத்தனை டர்னுக்குள் ஆளை மீட்டு விமானத்தில் ஏறு. ஒரு பகுதி ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். கெடுவை நீக்கும் மாட்கள், அதாவது ஆட்டக்காரர்களே செய்யும் மாற்றங்கள், உடனேயே வந்துவிட்டன. ஆனால் அந்தக் கெடுவோடு சேர்த்து வந்த இன்னொன்றைக் கவனிக்காமல் திட்டினால் அது நியாயம் ஆகாது. பெரும்பாலான மிஷன்களில் நம் குழு ஒளிந்திருக்கும் நிலையில்தான் இறங்குகிறது. எதிரியின் பார்வைக் கட்டத்துக்குள் போகாதவரை நம்மைத் தெரியாது. அதனால் முதல் கும்பலை எழுப்பும் நேரத்தை முழுக்க நாமே தேர்ந்தெடுக்கலாம்: ஐந்து பேரை நல்ல இடங்களில் ஓவர்வாட்ச் போட வைத்து, ஆறாவது ஆள் ஒரு குண்டை வீசினால், சிதறி ஓடும் ஏலியன்கள் ஐந்து துப்பாக்கிகளுக்கு நடுவே ஓடும். அப்படிப் பதுங்கியிருந்து சுடும்போது ஓவர்வாட்ச்சின் வழக்கமான குறித்திறன் இழப்பும் கிடையாது. 2012-ல் எதிரிக்குச் சாதகமாக இருந்த அந்த இலவச ஓட்டத்தையே 2016-ல் நமக்கான ஆயுதமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கெடுவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

மேலே சொன்ன எல்லாக் கணக்கும் உடைகிற ஓர் இடமும் உண்டு, அது கிரிசாலிட். சுடாத எதிரி. வெகுதூரம் ஒரே ஓட்டத்தில் வந்து நகத்தால் கிழிக்கும். கவர் அதற்கு எதிராக ஒன்றுக்கும் உதவாது. அது கொன்ற மனிதர் நடைப்பிணமாக எழுவார், கொஞ்ச நேரத்தில் அந்த உடலிலிருந்து இன்னொரு கிரிசாலிட் வெளியே வரும். 2012-ன் பயங்கரவாத மிஷன்களில் 18 பொதுமக்கள் களத்தில் சிதறிக்கிடப்பார்கள். ஒவ்வொருவரும் காப்பாற்ற வேண்டிய உயிர், காப்பாற்றத் தவறினால் அடுத்த எதிரி. அங்கே அரைக் கவர், முழுக் கவர் என்று தேடிக்கொண்டிருப்பவர் சாவார். தூரம்தான் கவர். பின்வாங்கி, கூட்டமாக நின்று, அது ஓடிவரும் திறந்தவெளியை ஓவர்வாட்ச்சால் நிரப்ப வேண்டும். மற்ற மிஷன்களில் சோம்பேறித்தனம் என்று பேர் வாங்கிய அதே ஓவர்வாட்ச் இங்கே குழுவின் உயிர்நாடி ஆகிறது.

ஜூலியன் கொலாப் பிற்பாடு பல்கேரியாவிலுள்ள தன் ஸ்னாப்ஷாட் கேம்ஸ் நிறுவனத்தில் 2019-ல் ஃபீனிக்ஸ் பாயிண்ட் செய்தார். அதில் ஒவ்வொரு குண்டும் தனித்தனியாகப் பறக்கிறது. எதிரியின் கை, கால், ஆயுதம் என்று குறிவைத்துச் சுடலாம். சதவீதச் சண்டைக்கு அது ஒரு நல்ல பதில். ஃபிராக்ஸிஸ் 2020 ஏப்ரலில் வெளியிட்ட எக்ஸ்காம்: கிமேரா ஸ்குவாட்தான் வரிசைப் பிரச்சினையின் வேரிலேயே கைவைத்தது. அதில் நம் குழு முழுவதும் ஆடி, பிறகு எதிரிகள் முழுவதும் ஆடுவது கிடையாது. நம் ஆள் ஒருவர், எதிரி ஒருவர், மறுபடி நம் ஆள் என்று முறைகள் பின்னிக்கிடக்கும். யார் அடுத்து என்பது திரையின் ஓரத்தில் தெரியும். கதவை உடைத்து உள்ளே போகும்போதே யார் எந்த வாசலில், எந்த வரிசையில் என்று நாம்தான் அடுக்க வேண்டும். இங்கே பலவீனமான எதிரியைக் கொல்வதைவிட அடுத்த முறை யாருடையதோ அந்த எதிரியைக் கொல்வது, அல்லது மயக்கத்தில் தள்ளுவது, முக்கியமாகிவிடுகிறது. ஒரு மிஷனுக்கு ஒரே ஒருமுறை, பின்னால் நிற்கும் நம் ஆளை வரிசையில் முன்னுக்குக் கொண்டுவரும் கட்டளையும் உண்டு. அதை எப்போது செலவழிப்பது என்று யோசிக்கும்போது, துப்பாக்கியின் பலமோ குறியின் சதவீதமோ நினைவுக்கே வராது. எந்த எதிரி நம் காயப்பட்ட ஆளுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறது என்பதை மட்டும்தான் பார்ப்போம்.